டீசல் வண்டியும் எரிபொருட் சிக்கனமும்

மண்ணுக்கு அடியிலிருந்து மனிதன் பெறும் செல்வங்களுள் எண்ணெய் தனித்தன்மை வாய்ந்தது. பொன்னும் இரும்பும் பயன்பட்ட பின்னரும் உலகில் நிலைத்திருக்கும். பழைய இரும்பை உருக்கிப் புதிய கருவி செய்துகொள்ளலாம். எண்ணெயோ ஒருமுறை எரிந்தால் எரிந்ததே. அதனை மீட்க வழியில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடல்கள் சேற்றிற் புதையுண்டு, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறுதலுற்று எண்ணெய் ஆயின. அவ்வாறு நெடுங்காலம் கழிந்து விளைந்த பொருளை, நெடுஞ்சாலையில் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்று ஒரு மணி நேரத்தில் ஐந்து லிட்டர் அளவிற்கு எரித்துவிடுகிறது.

பேச்சு வழக்கில் பிக்கப் வண்டி என்று வழங்கும் இச்சிறு சரக்கு வண்டி இன்று ஊர்தோறும் காணப்படுகிறது. தோட்டத்துக் காய்கறிகளை விடியற்காலையில் சந்தையிற் சேர்ப்பதும், சிற்றூர்க் கடைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுவருவதும், கட்டட வேலைக்குச் செங்கலும் கம்பியும் சுமப்பதும் இதுவே. இத்தகைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே வாழ்க்கை நடத்துவதும் உண்டு. வாடகையாக வரும் பணத்தில் பெரும்பகுதி டீசலுக்குச் சென்றுவிட்டால் வீட்டிற்கு எஞ்சுவது சிறிதே. ஆதலின் எரிபொருட் சிக்கனம் என்பது இவ்வண்டியோட்டிகளுக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. அன்றாடப் பிழைப்பைப் பற்றிய வினாவாகும்.

ஒரே தொழிற்சாலையிற் செய்த இரண்டு வண்டிகள் ஒரே சாலையில், ஒரே அளவு பாரத்துடன் 120 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்க. ஒரு வண்டி 10 லிட்டர் டீசலில் அத்தொலைவைக் கடக்கிறது; மற்றொன்று 12 லிட்டர் கேட்கிறது. வண்டி ஒன்று, வழி ஒன்று, சுமை ஒன்று. எனினும் இரண்டு லிட்டர் மிகுதியாகச் செலவாயிற்று. அவ்வெண்ணெய் எங்கே சென்றது? இவ்வினாவிற்கு விடை கண்டவரே சிக்கனத்தின் வழியைக் கண்டவர் ஆவர்.

வீண்செலவை வெறுத்த அறிஞர்

டீசல் பொறியே சிக்கனத்தை நாடிய ஒருவரின் உழைப்பால் தோன்றியது என்பது பலர் அறியாத செய்தியாகும். ருடால்ஃப் டீசல் என்பவர் 1858 ஆம் ஆண்டில் பாரிசு நகரில், ஜெர்மானியப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார். 1870 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் போர் மூண்டது. அவர் குடும்பம் பாரிசை விட்டு இலண்டனுக்குச் சென்றது. சிறுவராகிய டீசல் படிப்பின் பொருட்டு ஆக்ஸ்பர்க் என்னும் ஜெர்மானிய நகருக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில், குளிர்ப்பதன எந்திரங்களை ஆக்கிப் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே என்பாரிடம் பாடம் கேட்டார்.

அக்காலத்தில் உலகத்தை இயக்கியது நீராவிப் பொறி. நிலக்கரி தரும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவானதையே அது வேலையாக மாற்றியது. எஞ்சிய தொண்ணூறு பங்கும் புகையாகவும் ஆவியாகவும் வீணாயிற்று. வகுப்பறையில் இதனைக் கேட்ட இளைஞர் உள்ளம் அமைதி இழந்தது. இவ்வளவு வெப்பமும் வீணாகாமல் ஒரு பொறியை அமைத்தல் கூடாதா என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

1893 ஆம் ஆண்டில் அவர் தம் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையில் பொறி செய்யும் பணி தொடங்கியது. முதற் சோதனைகள் பயன் தரவில்லை. பொறி தானாக ஓட மறுத்தது. டீசல் மனம் தளரவில்லை. பிழை கண்டு திருத்தினார், மீண்டும் சோதித்தார். நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1897 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பேராசிரியர் ஒருவர் முன்னிலையில் பொறி முறைப்படி சோதிக்கப்பெற்றது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது கண்டு அறிஞர் வியந்தனர். அந்நாளில் இயங்கிய வேறெந்த வெப்பப் பொறியும் அவ்வளவு பயன் தந்ததில்லை.

அம்முதற் பொறி ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் உடையது. வண்டியில் ஏற்றத் தகாத பெரும் பாரம். சிறிய டீசல் பொறிகள் 1920-களில் சரக்கு வண்டிகளில் இடம்பெற்றன. அவ்வளர்ச்சியை டீசல் காணவில்லை. 1913 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள் இரவில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து அவர் மறைந்தார். அவர் பெயர் மட்டும் பொறிக்கும் எண்ணெய்க்கும் நிலைத்த பெயராயிற்று.

வெப்பம் செல்லும் வழிகள்

பெட்ரோல் பொறியில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை மின்பொறியால் தீப்பற்றுகிறது. டீசல் பொறியில் அம்மின்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மட்டும் முதலில் நுழைகிறது. பிஸ்டன் மேலெழுந்து அக்காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என மிகச் சிறிய இடத்தில் அடக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்று அடிக்கும்பொழுது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பலர் கண்டிருப்பர். அவ்வாறே அடக்கப்பட்ட காற்று 500 பாகைக்கு மேல் வெம்மை அடைகிறது. அந்நிலையில் டீசல் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது. பட்ட மாத்திரத்தில் எரிகிறது. பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. காற்றை இவ்வளவு அழுத்தமாக அடக்குவதே இப்பொறியின் சிக்கனத்திற்கு முதற் காரணமாகும்.

ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் சிறிதன்று. அது முழுவதும் வேலையாக மாறுமாயின், ஒரு டன் எடையை மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடும். நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டரே என்பதை நினைத்தால் அவ்வாற்றலின் பெருமை விளங்கும். ஆயின் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. வண்டிப் பொறியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. எஞ்சியது ரேடியேட்டர் நீரின் வாயிலாகவும் உறுப்புகளின் உராய்வாலும் கழிகிறது. கப்பல்களை இயக்கும் மாபெரும் டீசல் பொறிகள் நூற்றுக்கு ஐம்பது பங்கு வரை பயன் தருகின்றன; அவையும் மறுபாதியை இழக்கவே செய்கின்றன.

பொறிக்குள் நிகழும் இவ்விழப்பைக் குறைத்தல் பொறியறிஞர் கடன். வண்டியோட்டியால் அதனை மாற்ற இயலாது. ஆனால் சக்கரத்தை வந்தடைந்த அந்த மூன்றில் ஒரு பங்கைப் பேணுவதும் பாழாக்குவதும் அவர் கையிலும் காலிலும் உள்ளன.

வேகமும் காற்றும்

ஓடும் வண்டியைத் தடுப்பன நான்கு. எதிர்க்காற்று ஒன்று, டயர் தரையில் உருளும்பொழுது எழும் தடை ஒன்று, மேட்டில் ஏறும்பொழுது எடை பின்னிழுப்பது ஒன்று, நின்ற வண்டியை ஓட வைக்கும்பொழுது வெல்ல வேண்டிய சடத்துவம் ஒன்று. இந்நான்கையும் அறிந்து நடத்தலே சிக்கனம்.

இவற்றுள் காற்றின் தடை வேகத்தோடு ஒப்ப வளர்வதன்று. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 90 கிலோமீட்டர் வேகத்திற்கு உயர்ந்தால், காற்றுத் தடை இரண்டேகால் மடங்கு ஆகிறது. முப்பது கிலோமீட்டர் வழியில் இதனால் மிச்சமாகும் நேரம் பத்து நிமிடமே. அப்பத்து நிமிடத்திற்கு ஈடாகக் கொடுக்கும் எண்ணெய் மிகுதி. சரக்கு வண்டியின் முகம் அகன்றும் உயர்ந்தும் இருப்பதால், தாழ்ந்த காரைக் காட்டிலும் அதற்கு இவ்விழப்பு பெரிது.

மிக மெதுவாக ஓட்டுவதும் சிக்கனம் ஆகாது. வண்டி ஊர்ந்து சென்றாலும் பொறி தன் உறுப்புகளைச் சுழற்றுவதற்கு எண்ணெய் கேட்கும். இந்திய அரசு 1978 ஆம் ஆண்டில் அமைத்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையுள்ள வேகமே சிக்கனத்திற்கு ஏற்றது என அறிவுறுத்தி வந்துள்ளது. அவ்வேகத்தில் பொறி திணறாத அளவிற்கு உயர்ந்த கியரில் ஓட்டுதல் நன்று. கீழ்க் கியரில் பொறியை அலறவிடுவதும், மேல் கியரில் அது நடுங்கும்படி மெதுவாகச் செல்வதும் ஆகிய இரண்டும் தவறே.

வேகத்திற்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பை ஒரு நாடே உணர்ந்த காலம் உண்டு. 1973 ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில திங்களில் உலகச் சந்தையில் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் நிலையங்களில் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டரசு, நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டருக்கு மேல் எவரும் செல்லலாகாது எனச் சட்டம் செய்தது. எண்ணெயை மிச்சப்படுத்தப் பிறந்த அச்சட்டம் வேறொரு நன்மைக்கும் துணை நின்றது. 1973 ஆம் ஆண்டில் 54,000 உயிர்களைக் கொண்ட சாலை விபத்துகள் 1974 ஆம் ஆண்டில் 45,000 அளவிற்குக் குறைந்தன. மக்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். வேகம் தணிந்ததும் ஒரு காரணம். நாடு முழுவதற்குமான அச்சட்டம் 1995 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனினும் அது புகட்டிய பாடம் மறையவில்லை.

பிரேக்கில் மறையும் எண்ணெய்

வண்டியை ஓட வைக்கச் செலவிட்ட ஆற்றல், அது ஓடும்வரை அதனுள்ளேயே இருக்கிறது. பிரேக்கை மிதித்தவுடன் அவ்வாற்றல் அனைத்தும் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. சுமையுடன் இரண்டு டன் எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்க. அதனை அவ்வேகத்திற்குக் கொண்டுவர ஏறத்தாழ 37 மில்லி லிட்டர் டீசல் செலவாகும் எனக் கணக்கிடலாம். ஒருமுறை முற்றிலும் நிறுத்தினால் அவ்வளவும் இழப்பு. நாளொன்றுக்குப் பத்து முறை தேவையின்றி நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு லிட்டருக்கு மேல் வீணாகும். அவ்வெண்ணெயில் அவ்வண்டி நான்கு கிலோமீட்டர் சென்றிருக்கும்.

தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கைக் குறைவாகவே மிதிப்பார். அவர் பார்வை வண்டியின் மூக்கில் நிற்பதில்லை. சாலையின் தொலைவில் நிற்கிறது. முன்னே சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்; வண்டி தானே தணிந்து செல்கிறது; விளக்கை அடையும்பொழுது அது பச்சையாகவும் மாறியிருக்கலாம். பொறுமையற்றவரோ விளக்கு வரை விரைந்து சென்று, அங்கே பிரேக்கை அழுத்தி நிற்பார். இருவரும் ஒரே நேரத்தில்தான் விளக்கைக் கடக்கின்றனர். ஒருவர் எண்ணெயும் பிரேக்கும் தேய்ந்து கடக்கிறார். மற்றவர் இரண்டும் தேயாமல் கடக்கிறார்.

சரிவில் இறங்கும்பொழுது கியரை நீக்கி நியூட்ரலில் உருளவிட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்று எண்ணுவோர் பலர். இஃது ஆபத்தான மயக்கம். இக்காலத்துப் பொறிகளில், கியர் இணைந்திருக்க ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெய் பீய்ச்சுவது அறவே நின்றுவிடுகிறது. உருளும் சக்கரங்களே பொறியைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ பொறி அணையாதிருக்க எண்ணெய் எரிய வேண்டியிருக்கிறது. அதனினும் மேலாக, மலைப்பாதையில் பொறியின் பிடி இல்லாத வண்டி முழுவதும் பிரேக்கையே நம்பி இறங்குகிறது. தொடர்ந்து மிதிபட்ட பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சில துளி எண்ணெயைக் காக்க விரும்பியவர் உயிரையே பணயம் வைத்தவர் ஆகிறார்.

டயரும் பாரமும்

காற்றுக் குறைந்த டயர் தரையில் நசுங்கி நசுங்கி உருள்கிறது. ஒவ்வொரு நசுக்கத்திலும் ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. டயர்களில் காற்றின் அழுத்தம் ஒரு பவுண்டு குறையுந்தோறும் எரிபொருட் செலவு ஏறத்தாழ நூற்றுக்கு 0.2 பங்கு கூடும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். பத்துப் பவுண்டு குறைந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு இழப்பு. வெறும் வண்டிக்கும் பாரம் ஏற்றிய வண்டிக்கும் வேண்டிய அழுத்தம் வேறு. அவ்வளவுகளை வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ காணலாம். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னர், காலையில் அளத்தலே முறை. சக்கரங்கள் ஒன்றற்கொன்று நேராக இல்லாவிடினும் டயர் தேய்ந்து, எண்ணெயும் வீணாகும்.

தேவையற்ற சுமையும் ஓயாமல் எண்ணெயை உண்ணும். பயன்படாத கம்பிகள், கிழிந்த சாக்குகள், பழைய உதிரிப் பொருள்கள் முதலியன வண்டியில் திங்கள்கணக்கில் கிடப்பது உண்டு. அவை வாடகை கொடாத பயணிகள். கூரைமீது உயர்த்திக் கட்டிய பொருள் பாரத்தோடு காற்றுத் தடையையும் கூட்டுகிறது.

பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு ஓட்டினால் காற்று எளிதில் வெளியேறும். அதனால் எண்ணெய் மிச்சமாகும் என்று பிக்கப் ஓட்டுவோர் பலர் நம்புகின்றனர். காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதனை மறுத்துள்ளன. பின்கதவு மூடியிருக்கையில், சரக்குப் பகுதிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. மேலே விரையும் காற்று அச்சுழலின்மீது வழுக்கிச் செல்கிறது. கதவைத் திறந்தால் அச்சுழல் கலைந்து, பெரும்பாலும் தடை கூடுகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று. சரக்குப் பகுதியை இறுக மூடும் உறையோ சற்றுப் பயன் தரும். தளர்ந்து படபடக்கும் தார்ப்பாய் பயன் தராது.

நின்ற இடத்தில் பொறியை ஓடவிடுதல் மற்றோர் இழப்பு. சிறு சரக்கு வண்டியின் பொறி அவ்வாறு ஓடும்பொழுது மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கிறது. நாள்தோறும் அரை மணி நேரம் இவ்வாறு கழிந்தால், ஆண்டில் முந்நூறு வேலை நாள்களுக்குக் குறைந்தது 75 லிட்டர் வீணாகும். டர்போ பொருத்திய பொறியை, கடும் ஏற்றம் ஏறி வந்தவுடன் நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட காத்திருப்பில் பொறியை அணைத்துவிடுதலே அறிவுடைமை.

பேணுதலும் ஏமாற்றமும்

பொறியின் நலத்தைப் புகை அறிவிக்கும். புகைக்குழாயிலிருந்து கரும்புகை எழுமாயின், எண்ணெய் முற்றும் எரியாமல் கரியாக வெளியேறுகிறது என்பது பொருள். எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பழுதுற்றிருக்கலாம். காற்று வடிகட்டியைத் தூசி அடைத்திருக்கலாம். வடிகட்டிகளையும் எஞ்சின் ஆயிலையும் குறித்த காலத்தில் மாற்றுதலும், குறித்த தரமுள்ள ஆயிலையே ஊற்றுதலும் வேண்டும். பிரேக் முழுவதும் விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டிருப்பினும் எண்ணெய் வீணாகும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பின்னர், ஒரு சக்கரத்தினருகே மட்டும் மிகுந்த வெம்மை வீசுமாயின் அப்பழுதை ஐயுறலாம்.

சிக்கனத்தை விரும்புவோரை ஏமாற்றுவோரும் உளர். எண்ணெய்க் குழாயில் காந்தம் கட்டினால் போதும், தொட்டியில் ஒரு வில்லையைப் போட்டால் போதும், நூற்றுக்கு இருபது பங்கு மிச்சமாகும் என விளம்பரம் செய்வர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய கருவிகளும் கலவைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தது. மிகச் சிலவே சிறு பயன் தந்தன. பெரும்பாலானவை பயன் ஒன்றும் தரவில்லை. டீசலில் மண்ணெண்ணெயைக் கலப்பதோ சட்டத்திற்குப் புறம்பான செயல், பொறிக்கும் கேடு. டீசல் எண்ணெய் எரிபொருளாக மட்டுமன்றி, பம்பின் நுண்ணிய உறுப்புகளுக்கு வழவழப்புத் தருவதாகவும் உள்ளது. மண்ணெண்ணெய்க்கு அவ்வழவழப்பு போதாது, பம்பு தேய்ந்துவிடும். சில ரூபாயை மிச்சப்படுத்தியவர் பல்லாயிரம் ரூபாய்க்குப் புதிய பம்பு வாங்க நேரும்.

அளவே ஆசான்

இவ்வழிகளுள் எது எவ்வளவு பயன் தந்தது என்பதை அறியும் வழி அளத்தல் ஒன்றே. தொட்டியை நிரப்பித் தூரமானி காட்டும் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பல நாள் ஓட்டிய பின்னர் மீண்டும் நிரப்பி, ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் குறிக்க. தூரத்தை லிட்டரால் வகுத்தால் வருவதே ஓட்டுநர் மைலேஜ் என்று கூறும் அளவு. ஒருமுறை அளந்து முடிவு செய்தல் கூடாது. காற்று, சுமை, வழி ஆகியன நாளுக்கு நாள் மாறுவதால், நான்கைந்து முறை அளந்து சராசரி காணுதல் வேண்டும். ஒரே காலத்தில் பல மாற்றங்களைச் செய்தால் எதனால் பயன் விளைந்தது என்பது விளங்காது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தலே முறை. விளம்பரக்காரர் அஞ்சுவது இக்குறிப்பேட்டையே.

ஆண்டிற்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருமாயின் 2,500 லிட்டர் வேண்டும். கவனத்தோடு ஓட்டி அதனை 14 கிலோமீட்டராக உயர்த்தினால் 2,143 லிட்டர் போதும். மிச்சம் 357 லிட்டர். ஒரு குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. பிள்ளைகளின் புத்தகமும் உடையும் இம்மிச்சத்தில் அடங்கும்.

இக்கணக்கில் நுட்பமான உண்மை ஒன்றும் உண்டு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் 20 கிலோமீட்டருக்கு உயர்ந்தால், நூறு கிலோமீட்டரில் மிச்சமாவது அரை லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் சரக்கு வண்டி 12 கிலோமீட்டருக்கு உயர்ந்தாலோ, அதே நூறு கிலோமீட்டரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. உயர்வு இரண்டிலும் இரண்டு கிலோமீட்டரே. பயனோ சரக்கு வண்டியில் மும்மடங்கு. மிகுதியாக உண்ணும் வண்டியில்தான் சிறு திருத்தமும் பெரும்பயன் விளைக்கிறது.

வீட்டின் நலமும் நாட்டின் நலமும்

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் அயல்நாடுகளிலிருந்து விலைக்கு வாங்குகிறது. தொலைநாடுகளில் போர் மூண்டாலும் கடல்வழி தடைப்பட்டாலும் அதன் சுமை சிற்றூர்ச் சந்தையில் தக்காளியின் விலைமீதும் வந்து விழுகிறது. நாட்டில் மிகுதியாகச் செலவாகும் எண்ணெய் வகையும் டீசலே. ஆதலின் ஓர் ஓட்டுநர் மிச்சப்படுத்தும் லிட்டர், அவர் அறியாமலே நாட்டின் செல்வத்தைக் காக்கிறது.

காற்றின் தூய்மையும் இதில் அடங்கியுள்ளது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. மேலே கண்ட 357 லிட்டர் மிச்சமானால், ஒரே வண்டியால் ஆண்டில் ஏறத்தாழ 950 கிலோகிராம் கரியமில வாயு காற்றிற் சேராமல் தடுக்கப்படும். புகையை வடிக்கும் கருவிகளைக் கழற்றிவிட்டால் எண்ணெய் மிச்சமாகும் எனச் சிலர் கூறுவர். அது சிக்கனம் ஆகாது. தம் பணப்பையை நிரப்பப் பிறர் நெஞ்சில் புகையை நிரப்புதல் அறமும் அன்று. சட்டமும் அதனை ஒப்பவில்லை.

மின்னாற்றலால் ஓடும் சரக்கு வண்டிகள் இன்று சாலைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றிற்கும் எதிர்க்காற்று உண்டு, டயர் உண்டு, பாரம் உண்டு, பதற்றமான காலின் விரையமும் உண்டு. எரிபொருள் மாறினும் இயற்கையின் விதி மாறுவதில்லை. டயரின் காற்றை அளப்பதும், வேகத்தை அளவில் நிறுத்துவதும், தொலைநோக்கி ஓட்டுவதும், கணக்கெழுதுவதும் எவ்வண்டிக்கும் பொருந்தும் ஒழுக்கங்களாகும். அவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நாள்தோறும் சிறிது கவனமே வேண்டும். அக்கவனம் உடையவர் கையில் சிறு வண்டியும் ஒரு குடும்பத்தை உயர்த்தும் நற்றுணை ஆகும்.